அலம்பில் – செம்மலைக் கரையில் ஒதுங்கியிருப்பது என்ன? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அலம்பில்பொடியன் | ஞாயிறு, காலை 7.40
நாலைந்து நாளாக வாடைக்காற்று போட்டு அடித்தது எல்லோருக்கும் தெரியும். இன்று விடியக் காற்று கொஞ்சம் அடங்கியதும் கரைப் பக்கம் போனேன். அலம்பிலில் இருந்து செம்மலைப் பக்கமாக நடந்தால், கடைசி வாடியை (மீனவர் குடிலை) தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் ஒரு பெரிய சடலம் கிடக்கிறது. என்ன உயிர் என்று எனக்கு விளங்கவில்லை, நின்ற ஆட்களுக்கும் விளங்கவில்லை.

நிறம் ஊத்தை வெள்ளை. தலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. கண், வாய், செவுள் எதையும் காணவில்லை. மேலெல்லாம் ஈரச் சாக்கைப் பிய்த்துவிட்ட மாதிரி நார் நாராகத் தொங்குகிறது. நீளம் 18 அடி பைபர் வள்ளத்தை விடக் கொஞ்சம் கட்டை. ஒரு பக்கத்தில் செட்டையா கையா என்று தெரியாத ஒரு துண்டு மடிந்து கிடக்கிறது. பின்பக்கமாக ஒரு எலும்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. மணம் என்றால் சொல்ல வேலையில்லை, காற்றுக்கு மேல்பக்கமாகத்தான் நிற்க முடியும்.

படம் மூன்று போட்டிருக்கிறேன். போன் பழசு, குறை நினைக்காதீர்கள்.

முள்ளியவளை மருமகள் | ஞாயிறு, காலை 8.02
அது மயிரா தம்பி? மயிர் என்றால் மீன் இல்லையே. எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்லுகிறார்கள், மாமி கரடி என்கிறா.

கட்டாக்காலி | ஞாயிறு, காலை 8.15
கரடி 18 அடியிலா அக்கா? என்னுடைய எண்ணம் இது மாடுதான், ஒன்றல்ல, இரண்டு மூன்று சேர்ந்து கிடக்கிறது. 2022 டிசம்பரில் மண்டோஸ் புயல் நேரம் வந்த குளிரில் வடக்கு கிழக்கு முழுக்க நூற்றுக்கணக்கில் மாடு செத்தது. அந்த நேரம் ஆற்றில் அடிபட்டுப் போனதுகளைப் பார்த்தேன். ஒரு கிழமை தண்ணீரில் ஊறினால் மயிரெல்லாம் கழன்று, தோல் வெளுத்து, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. 2008 இல் அமெரிக்காவில் மொன்ராக் கரையில் ஒதுங்கியதை உலகம் முழுக்கப் பூதம் என்று சொல்லித் திரிந்தார்கள். கடைசியில் பார்த்தால் மயிர் உதிர்ந்த ரக்கூன். நாய் அளவு கூட இல்லாத ஒரு பிராணி.

அலம்பில்பொடியன் | ஞாயிறு, காலை 8.31
இரண்டு மூன்று இல்லை அண்ணை. ஒரே துண்டு. தடியால் ஒரு பக்கத்தை நெம்பினால் மற்றப் பக்கமும் சேர்ந்து அசைகிறது.

கொக்கிளாய்க்காரன் | ஞாயிறு, காலை 9.10
யானை. வேறு யோசிக்கத் தேவையில்லை.

எங்கள் களப்பைக் கடக்கிற யானைகளைப் பற்றி மற்ற ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. தண்ணீர் வற்றியிருக்கிற இடம் பார்த்து இறங்கும், நடுவில் நீந்தும். முகத்துவாரம் திறந்திருக்கிற நேரம் இழுவையில் மாட்டினால் நேரே கடல்தான். 2017 ஜூலையில் கடற்படை ஒரு யானையைக் காப்பாற்றினதே, அது கொக்கிளாய்க்கு வெளியே பல கிலோமீற்றர் தூரத்தில். தும்பிக்கை மட்டும் மேலே தெரிய நீந்திக்கொண்டு நின்றது. சுழியோடிகள் இறங்கிக் கயிறு கட்டி, மணிக்கணக்காக இழுத்துக் கரை சேர்த்தார்கள். அந்த வீடியோ உலகம் முழுக்கப் போனது. அதே மாதத்தில் திருகோணமலைப் பக்கமும் இரண்டு யானைகளைக் காப்பாற்றினார்கள். கண்ணில் பட்டது தப்பியது. கண்ணில் படாதது எங்கே போகும்? உப்புத் தண்ணீரில் கிடந்து ஊதி, தோல் கழன்று, இப்படித்தான் வந்து ஒதுங்கும். தலை பாரம், அதுதான் முதலில் கழன்று விழும்.

மன்னார்வாடி | ஞாயிறு, காலை 9.44
யானைக் கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யானை என்றால் நாலு தூண் கால் எங்கே? தலை விழலாம், காலும் நாலும் சேர்ந்தா விழும்?

எங்கள் பக்கத்தில் இப்படி ஏதும் ஒதுங்கினால் முதலில் ஆவுளியா (கடல்பசு) என்றுதான் பார்ப்போம். விடத்தல்தீவு, பள்ளிமுனை ஆட்களைக் கேட்டால் சொல்லுவார்கள். ஆனால் ஆவுளியா பத்தடிக்கு மேல் வளர்வது அருமை, இது அதைவிடப் பெரிது. முல்லைத்தீவுக் கடலில் அது மேய்கிற சாதாழையும் எங்கள் பக்கம் போல இல்லை. சந்தேகம் இருந்தால் ஒரு விலா எலும்பைக் கையில் தூக்கிப் பாருங்கள். ஆவுளியா விலா கல்லுப் போலப் பாரமாக இருக்கும், உள்ளே ஓட்டை உடைசல் இருக்காது. கையில் எடுத்த உடனே தெரியும். கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள்.

ஓயாஅலை | ஞாயிறு, காலை 10.05
எல்லோரும் எலும்பை எண்ணுகிறீர்கள். இது ஏன் செத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கிய பிறகு நாடு முழுக்க ஆமையும் ஓங்கிலும் (டொல்பின்) எத்தனை செத்து ஒதுங்கின? அந்தக் கப்பலில் இருந்த பிளாஸ்ரிக் மணிகள் இன்னும் கரையில் கிடக்கின்றன. விஷம் ஒருநாளில் போகாது.

மாங்குளத்தான் | ஞாயிறு, காலை 10.20
அது நீர்கொழும்புப் பக்கம், மேற்குக் கரை. இது கிழக்குக் கரை. அப்புறம் நாலு வருசத்துக்கு மேலாகிறது. எது ஒதுங்கினாலும் அந்தக் கப்பல் தலையில் போட்டால், மற்றக் காரணத்தை ஒருவரும் தேட மாட்டார்கள்.

ரொரன்ரோ வன்னியன் | ஞாயிறு, காலை 10.58
இங்கே இரவு நடுச்சாமம் தாண்டிவிட்டது, இருந்தும் நித்திரை வரவில்லை. சின்ன வயதில் இருந்தே இந்தக் கடல் பூதக் கதைகளில் எனக்கு ஒரு பைத்தியம்.

1977 இல் ஜப்பான் மீன்பிடிக் கப்பல் ஒன்று, சுய்யோ மாரு என்று பெயர், நியூசிலாந்துக்கு வெளியே வலையில் ஒரு சடலத்தைத் தூக்கியது. பத்து மீற்றர் நீளம், சின்னத் தலை, நீளக் கழுத்து, நாலு செட்டை. பார்த்தவர்கள் டைனோசர் காலத்துக் கடல் பல்லி உயிரோடு இருக்கிறது என்றே முடிவு கட்டினார்கள். கப்பலில் இருந்த ஒருவர் படமும் கொஞ்ச நாரும் எடுத்துக்கொண்டார், பிடித்த மீன் பழுதாகிவிடும் என்று பயந்து மிச்சத்தைக் கடலில் போட்டுவிட்டார்கள். நாரைப் பரிசோதித்தபோது சுறாவின் செட்டையில் இருக்கிற புரதத்தோடு ஒத்துப்போனது. சுறா அழுகும்போது கீழ்த்தாடையும் செவுளும் முதலில் கழன்று போகும். மிஞ்சுவது மண்டை ஓட்டின் பெட்டியும் முதுகுத் தண்டும். அதுதான் அந்தச் சின்னத் தலையும் நீளக் கழுத்தும். 1808 இல் ஸ்கொட்லாந்தில் ஸ்ரொன்சே தீவில் ஒதுங்கிய 55 அடிப் பாம்பும் இதே கதைதான்.

தம்பி சொல்லுகிற நார், வெள்ளை, தலை இல்லாமை எல்லாவற்றையும் பார்த்தால் என் கை சுறாவைத்தான் காட்டுகிறது. அந்த இரண்டும் பாஸ்கிங் சுறா (basking shark) என்பார்கள், அது குளிர்க் கடலுக்குரியது, எங்கள் பக்கம் வராது. ஆனால் புள்ளி போட்ட திமிங்கிலச் சுறா இருக்கிறதே, அது 18 அடி என்ன, அதைப்போல இரண்டு மடங்கும் வளரும்.

முள்ளியவளை மருமகள் | ஞாயிறு, காலை 11.30
ஒரு வட்ஸ்அப் குறூப்பில் இந்தப் படத்தையே போட்டு, "கடல் உயிரினங்கள் செத்து ஒதுங்குகின்றன, மூன்று நாளில் சுனாமி, கரையோரச் சனம் வெளியேறுங்கள்" என்று ஒருவர் குரல் பதிவு விட்டிருக்கிறார். எங்கள் மாமி 2004 சுனாமியில் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவ. காலையில் இருந்து சாப்பிடவில்லை, துணிமணியைப் பையில் அடுக்கிக்கொண்டு இருக்கிறா. இதற்கு யாராவது ஒழுங்கான பதில் சொல்லுங்கள். பகிடிப் பதில் வேண்டாம்.

சயன்ஸ் ரீச்சர் | ஞாயிறு, மதியம் 12.15
முதலில் மாமிக்கு. இது உயிரோடு வந்து கரையேறிச் செத்த பிராணி இல்லை. குறைந்தது இரண்டு மூன்று கிழமைக்கு முதல் எங்கோ ஆழக்கடலில் செத்து, மிதந்து, வாடை தள்ளிக் கொண்டுவந்து போட்டது. இன்றைக்கோ நாளைக்கோ நடக்கப்போவது எதையும் அது அறிந்திருக்க வழியில்லை.

ஜப்பானில் இபராக்கி கரையில் 2011 மார்ச் தொடக்கத்தில் ஐம்பது வரையான சிறு திமிங்கிலங்கள் ஒதுங்கின. ஒரு கிழமைக்குள் பெரிய நிலநடுக்கமும் சுனாமியும். அதை வைத்துத்தான் இப்படியான குரல் பதிவுகள் ஓடுகின்றன. ஆனால் அதே இபராக்கியில் 2015 ஏப்ரலில் நூற்றைம்பதுக்கும் மேல் ஒதுங்கின. அந்த முறை ஒன்றும் நடக்கவில்லை, அதைப் பதிவில் ஒருவரும் சொல்லுவதில்லை. எங்களுக்குக் கிட்டவே பாருங்கள். 2016 ஜனவரியில் திருச்செந்தூர் மணப்பாட்டுக் கரையில் திமிங்கிலங்கள் கூட்டமாக ஒதுங்கின. 1973 இலும் அதே கரையில் நூற்றுக்கு மேல். 2020 நவம்பரில் பாணந்துறையில் நூறு வரை வந்து, ஊர்ச்சனமும் கடற்படையும் விடிய விடிய நின்று தள்ளி அனுப்பினார்கள். எதற்குப் பிறகும் சுனாமி வரவில்லை. உண்மையான எச்சரிக்கை என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தில் இருந்து வரும். சந்தேகம் வந்தால் 117 க்கு எடுத்துக் கேளுங்கள். முகம் தெரியாதவருடைய குரல் பதிவை மாமிக்குப் போட்டுக் காட்டாதீர்கள்.

அடுத்தது சடலம். தம்பி, படத்தில் தெரிகிற அந்த வெள்ளை மயிர் இல்லை, தோலும் இல்லை. திமிங்கிலத்துக்குத் தோல் மெல்லிசு. செத்துக் கொஞ்ச நாளிலேயே கறுப்புத் தோல் உரிந்து போய்விடும். அதற்குக் கீழே இருக்கிறது தடித்த கொழுப்புப் படை. அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கொலாஜன் நார் பின்னிக் கிடக்கும். எண்ணெய் வடிந்து போக அந்த நார் மட்டும் மிஞ்சும். நார் லேசில் அழுகாது, கத்திக்கும் லேசில் விட்டுக்கொடுக்காது. உள்ளே வாயு பிடித்து மிதக்கிற காலத்தில் சுறாக்கள் கடிக்கும், தாடையும் தலையும் கழன்று அடியில் போகும், பிறகு முதுகெலும்பும் ஒவ்வொன்றாக நழுவி விழும். கடைசியில் எலும்பில்லாத ஒரு பெரிய நார்ப் பை மட்டும் கரைக்கு வரும்.

1896 இல் புளோரிடாவில் ஒதுங்கியதை ராட்சத ஒக்ரோபஸ் என்று அந்தக் காலத்துப் பெரிய விலங்கியலாளர் ஒருவரே எழுதினார். 2003 இல் சிலியில் பதின்மூன்று தொன் எடையில் ஒன்று வந்தது. அதற்கும் ஒக்ரோபஸ் என்றுதான் பெயர் வைத்தார்கள். அடுத்த வருசம் மரபணு பார்த்து எண்ணெய்த் திமிங்கிலம் என்று முடிவு சொன்னார்கள். புளோரிடா நாரும் திமிங்கிலக் கொழுப்புத்தான் என்பது அதோடு உறுதியானது.

ஆனால் படத்தை வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன். யானையா, சுறாவா, திமிங்கிலமா என்பதைப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற அந்த எலும்பு சொல்லும். போகிறவர்கள் மூன்று விசயம் பாருங்கள். கத்தி நுனியால் கீறினால் இறங்குகிறதா? இறங்கினால் குருத்தெலும்பு, சுறா. இறங்கவில்லை என்றால் உடைந்த இடத்தில் பாண் துண்டுக்குள் இருப்பது போலக் கண்ணறை தெரிகிறதா? எண்ணெய் கசிகிறதா? தெரிந்தால் திமிங்கிலம். மடிந்து கிடக்கிற அந்தத் துண்டுக்குள் விரல் எலும்பு வரிசையாக இருக்கிறதா என்றும் அமத்திப் பாருங்கள்.

வெறும் கையால் தொட வேண்டாம். வயிறு ஊதியிருந்தால் குத்தவே வேண்டாம். 2004 இல் தாய்வானில் லொறியில் ஏற்றிக்கொண்டு போன ஒரு திமிங்கிலம் நடுத்தெருவில் வெடித்துக் கடை, வாகனம் எல்லாம் குளித்தது.

கடலட்டை | ஞாயிறு, மதியம் 12.40
ரீச்சர், எண்ணெய்த் திமிங்கிலம் என்றால் வயிற்றுக்குள் அம்பர் (வாசனைப் பொருளுக்கு வாங்குகிற கட்டி) இருக்கும்தானே? கிலோ எத்தனை கோடியாம்?

சயன்ஸ் ரீச்சர் | ஞாயிறு, மதியம் 12.52
எல்லாத் திமிங்கிலத்திலும் இருக்காது தம்பி, எண்ணெய்த் திமிங்கிலத்திலேயே அருமை. அத்தோடு வயிறே இல்லாத சடலத்தில் எங்கே தேடப் போகிறீர்கள்? கடல் பாலூட்டிகள் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குள் வருகின்றன. வெட்டி எடுத்தால் வழக்கு.

கொக்கிளாய்க்காரன் | ஞாயிறு, மதியம் 1.05
கொழுப்புப் படை யானைக்கும் இருக்கிறது.

சயன்ஸ் ரீச்சர் | ஞாயிறு, மதியம் 1.20
இருக்கிறது, ஆனால் உடம்பு முழுக்க ஒரு சாண் தடிப்பில் போர்த்தினது போல இல்லை. யானையில் தோல்தான் தடிப்பு. தோல் நாலைந்து நாளில் உரிந்து போகாது, காய்ந்தாலும் சாம்பல் நிறத்தில் பலகை போல நிற்கும்.

கரைவலை | திங்கள், காலை 6.50
நான் இந்தக் கரையில் கரைவலை இழுக்கிற ஆள். நேற்றுப் பின்னேரம் ரீச்சர் சொன்ன மாதிரிப் போய்ப் பார்த்தோம். நாலு பேர், மூக்கில் வேப்பெண்ணெய் தடவின துணி, கையில் வலை வெட்டுகிற கத்தி.

கத்தி எலும்பில் இறங்கவில்லை. சுரண்டினால் தூள் வருகிறது. நுனி உடைந்த இடத்தில் முழுக்கச் சின்னச் சின்னக் கண். விரலை வைத்து அமத்தினால் மஞ்சள் எண்ணெய் கசிகிறது, கையுறை இரண்டு தரம் கழுவியும் மணம் போகவில்லை. பாரமும் இல்லை, மன்னார்த் தம்பி சொன்ன கல்லுப் பாரம் துளியும் இல்லை.

கொழுப்பின் தடிப்பை வெட்டின ஓரத்தில் அளந்தோம். தடித்த இடத்தில் நாலு விரல், மெல்லிய இடத்தில் இரண்டு. மடிந்து கிடந்த துண்டைத் தடியால் விரித்தால் செட்டைதான். ஓரத்தில் பிய்ந்த இடத்தால் சின்ன எலும்புகள் வரிசையாகத் தெரிகின்றன, எங்கள் விரல் எலும்பு போலவே, நடுவில் ஒடுங்கி இரண்டு முனையும் பருத்து. ஒன்று கழன்று மண்ணில் விழுந்தது. என்னுடைய பெருவிரலை விடக் கொஞ்சம் நீளம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சடலத்துக்கு வடக்கே, அலை போட்ட வரியில் வட்டமான எலும்புத் தட்டுகள் மூன்று கிடந்தன. சாப்பாட்டுக் கோப்பை அளவு, ஒரு விரல் தடிப்பு. ஒரு பக்கம் வழுவழுப்பு, மற்றப் பக்கம் மேடும் பள்ளமுமாக வரி. பெடியன்கள் ஏதோ பீங்கான் என்று எறிந்து விளையாடினார்கள். வாங்கி வைத்திருக்கிறேன். படம் போட்டிருக்கிறேன், அது என்ன ரீச்சர்?

சயன்ஸ் ரீச்சர் | திங்கள், காலை 7.35
அண்ணை, அந்தத் தட்டு ஒன்றே போதும்!

திமிங்கிலத்தின் ஒவ்வொரு முள்ளந்தண்டு எலும்புக்கும் முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக இப்படி ஒரு மூடி இருக்கும். பிராணி வளர்கிற காலத்தில் அந்த மூடிக்கும் எலும்புக்கும் நடுவில் குருத்துத்தான் இருக்கும். அது அழுகினால் மூடி தனியாகக் கழன்றுவிடும். வளர்ந்து முடிந்த பிறகு இரண்டும் ஒட்டி ஒன்றாகிவிடும், பிறகு பிரியாது. மேடு பள்ள வரி இருப்பது எலும்போடு பிடித்திருந்த பக்கம். ஆக, இது வளர்ந்து முடியாத ஒரு திமிங்கிலம். சுறாவுக்கு இப்படி மூடி கிடையாது. யானையின் முள்ளந்தண்டிலும் இளமையில் மூடி உண்டு, ஆனால் விரல் எலும்பு வரிசை வைத்த செட்டை யானைக்கு எங்கிருந்து வரும்?

எந்தத் திமிங்கிலம் என்பதை இதற்கு மேல் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. திருகோணமலைக்கு வெளியே கரைக்குக் கிட்டவே ஆழம் இறங்குகிறது, அங்கே நீலத் திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் வருகின்றன. நீலத் திமிங்கிலம் பிறக்கும்போதே இருபது அடிக்கு மேல். தலை போன மிச்சமே 18 அடிக்குக் கிட்ட என்றால் எதுவாகவும் இருக்கலாம். கடல் வள ஆராய்ச்சி செய்கிற நாரா நிறுவனத்துக்கு ஒரு துண்டு போனால் மரபணுவில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். கிராம அலுவலர் வழியாக வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்துவிட்டீர்களா?

அலம்பில்பொடியன் | திங்கள், காலை 7.50
நேற்றே அறிவித்தாயிற்று ரீச்சர். இன்று மத்தியானத்துக்குள் வருகிறார்களாம்.

ரொரன்ரோ வன்னியன் | திங்கள், காலை 8.10
அந்தத் தட்டின் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது! நல்ல காலம், பெடியன்கள் கடலுக்குள் எறியவில்லை.

எனக்கு இன்னொரு கேள்வி. இங்கே செத்ததா, எங்கிருந்தோ வந்ததா?

கரைவலை | திங்கள், காலை 8.40
இந்த மாதங்களில் நீரோட்டம் வடக்கே இருந்து தெற்கே இழுக்கும். வங்கக் கடலில் எது மிதந்தாலும் எங்கள் கரையில்தான் வந்து முட்டும். வடமராட்சி கிழக்கில் மியன்மார்க்காரரின் மூங்கில் மிதவைகள் ஒதுங்கினதைப் பார்த்திருப்பீர்கள். 2024 டிசம்பரில் அந்த நாட்டுச் சனம் நூறுக்கு மேல் ஒரே படகில் முள்ளிவாய்க்காலில் வந்து இறங்கியது. சனம் இரண்டு மூன்று கிழமை மிதந்து வரலாம் என்றால் செத்த திமிங்கிலம் வருவது பெரிய காரியமில்லை. எங்கே செத்தது என்று கேட்டால், இங்கேயில்லை என்று மட்டும் சொல்லுவேன்.

ஓயாஅலை | திங்கள், காலை 9.02
அப்போ காரணம்? குட்டி சும்மா சாகுமா? தெற்கில் தெய்வேந்திரமுனைக்கு வெளியே கப்பல் மோதித் திமிங்கிலம் சாவது பல காலமாக நடக்கிறது. 2022 இல் ஒரு பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தள்ளிப் போகச் சொல்லி வழியையே மாற்றியது.

சயன்ஸ் ரீச்சர் | திங்கள், காலை 9.25
இருக்கலாம். கப்பல் மோதியிருந்தால் எலும்பு முறிந்த இடம் தெரியும். ஆனால் தலையும் முதுகும் கடலுக்கு அடியில் போன பிறகு அதைத் தேட இடமில்லை. வலை சுற்றிச் செத்திருந்தால் செட்டையின் அடியில் கயிறு அறுத்த தடம் இருக்கும். அண்ணை பார்த்தீர்களா?

கரைவலை | திங்கள், காலை 9.33
பார்த்தேன். தடம் இல்லை. ஓரம் முழுக்கச் சுறா கடித்த அரைவட்டம்தான், அதில் ஒன்று என்னுடைய இரண்டு கையும் விரித்தாலும் அடங்காது.

கொக்கிளாய்க்காரன் | திங்கள், காலை 9.50
சரி, திமிங்கிலமாகவே இருக்கட்டும். ஆனால் போன மாரியில் எங்கள் களப்பில் இறங்கின ஏழு யானையில் ஆறுதான் அந்தக் கரையில் ஏறியது என்று மாடு பார்க்கிறவர்கள் சொல்லுகிறார்கள். அந்த ஒன்றைப் பற்றி யாராவது தெற்கே புல்மோட்டைப் பக்கம் விசாரித்துச் சொல்லுங்கள்.

முள்ளியவளை மருமகள் | திங்கள், முற்பகல் 10.15
ரீச்சர் எழுதினதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். பையை அவிழ்த்துவிட்டா. ஆனாலும் 117 க்கு என்னை எடுக்க வைத்து, அந்த அதிகாரி சொன்னதைத் தன் காதால் கேட்ட பிறகுதான் சோறு போடச் சொன்னா. இப்போது திமிங்கிலத்தைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போ என்று நிற்கிறா.

அலம்பில்பொடியன் | திங்கள், மாலை 4.30
வந்து பார்த்துத் துண்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று தட்டில் இரண்டைக் கொண்டுபோனார்கள், ஒன்று பள்ளிக்கூடத்துக்கு வைக்கலாமா என்று ரீச்சர் கடிதம் கொடுத்துக் கேட்கப் போகிறா. நாளை காலையில் பிரதேச சபையின் பெக்கோ (மண் தோண்டுகிற இயந்திரம்) வருகிறது, குழி தோண்டித் தாட்டுவிடுவார்களாம்.

சயன்ஸ் ரீச்சர் | திங்கள், மாலை 5.05
தாட்கிற இடத்தைக் குறித்து வையுங்கள். ஒன்றிரண்டு வருசத்தில் சதை போய்விடும், பிறகு அனுமதி எடுத்துத் தோண்டினால் செட்டை எலும்பு முழுதாகக் கிடைக்கும். அடம்பன் கொடி நிற்கிற மேட்டுக்கு அங்கால் தாட்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாடைக்குக் கடல் திரும்ப எடுத்துவிடும்.

கரைவலை | திங்கள், மாலை 5.20
மேட்டுக்கு அங்கால் தாட்கட்டும். ஆனால் எங்கள் பாட்டுக்கு (வலை இழுக்கிற இடத்துக்கு) நேரே வேண்டாம், மாசக்கணக்கில் எண்ணெய் ஊறி மண் வழுக்கும், வலை இழுக்கிற ஆட்களுக்குக் கால் நிற்காது. கடைசி வாடிக்கு வடக்கே நூறு யார் தள்ளி வெறுங்கரை இருக்கிறது. விடிய ஆறு மணிக்கு நான் அங்கே நிற்பேன், பெக்கோக்காரத் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.